மினேதாவின் தொண்ணூறு வினாடிகள்

இரவு ஒன்றே முக்கால் மணி. இவாமிசாவாவுக்குப் போகிற வயல்வெளிச் சாலை. பிப்ரவரி மாதம். வயல் எது, சாலை எது என்று சொல்ல முடியாது... எல்லாம் ஒரே வெள்ளை. மூடிக்கிடந்த பெட்ரோல் பங்க் ஒன்று. அதன் ஓரத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டு. கூண்டுக்குள் ஒரு ஆள், காசு போட்டு எண்ணைச் சுழற்றிக்கொண்டிருக்கிறான்.

“அவன்தான் பேயா?” என்றான் தோகாஷி.

“இல்ல. நீ வாய மூடிட்டுக் கேளு. அப்படியே என் கால் மேல இருக்கிற உன் காலையும் எடு.”

நாங்கள் ஐந்து பேர். ஹீட்டர் வைத்த குட்டை மேஜை, அதன் மேல் ஒரே போர்வை, அதற்குள் பத்துக் கால்கள். மேஜை மேல் ஆரஞ்சுத் தோல் குவிந்து கிடந்தது. கடைசி பஸ் போய்விட்டது. ஆளுக்கொரு கதை சொல்லி முடித்திருந்தார்கள். தோகாஷி சொன்ன கழிவறைப் பேய்க்கு நாய்கூடப் பயப்படாது. அடுத்து என் முறை.

இது என் தோழி அகினோவின் அண்ணனுக்கு நடந்தது. அகினோ இதைச் சொன்னபோது அழவில்லை. அவளிடம் சொன்னபோது அண்ணனும் அழவில்லையாம். இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காததே அதுதான்... யாருமே அழுவதில்லை.

அண்ணன் பெயர் குவாஹரா. கூண்டுக்குள் நின்றவன் மினேதா. சப்போரோவில் ஒரு நூடுல்ஸ் கடைக்கு மேல்மாடியில், ஆறு பேர் கொண்ட ஒரு கம்பெனியில், இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். ராட்சத ரோபோ. அதற்குள் உட்கார்ந்து ஓட்டி, எதிரி ரோபோக்களை அடிக்க வேண்டும். விளையாட்டின் பெயர் ‘நாற்பது டன்’. இப்போது வாரத்துக்கு ஒன்று இப்படி வருகிறது, அப்போது அபூர்வம். அதிலும் இவர்களுடையதில் ஒரு விசேஷம் இருந்தது. இடது காலுக்கு ஒரு பொத்தான், வலது காலுக்கு ஒரு பொத்தான். மாற்றி மாற்றி அழுத்தினால்தான் ரோபோ நடக்கும். ஒரே காலை இரண்டு முறை அழுத்தினால் தொபுக்கென்று விழும். ஒவ்வொரு அடிக்கும் கம்ப்யூட்டரின் சின்ன ஒலிபெருக்கியிலிருந்து ஒரு சத்தம் வரும்... டுக். அந்த ஒரு சத்தத்துக்காக மினேதா இரண்டு மாதம் உயிரை விட்டானாம். மற்றக் கம்பெனிகளின் ரோபோக்கள் வழுக்கிக்கொண்டு போகும், நம்முடையது மட்டும்தான் நடக்கும் என்று அவனுக்கு ஏகப் பெருமை.

அன்றைக்கு ராத்திரி வேலையை முடித்துவிட்டுப் போ என்று ஒரு மணி வரைக்கும் அவனைப் பிடித்து வைத்தது குவாஹராதான். மினேதாவின் மனைவி இக்குயோவுக்கு அது நிறைமாதம்.

ஆபீஸில் போன் அடித்தது.

“டேய், பனி கண்ணை மறைக்குதுடா. வண்டிய ஓரங்கட்டிட்டேன். விடியற வரைக்கும் உள்ளயே படுத்துக்கிறேன். வீட்டு லைன் கிடைக்கல. இக்குயோ அங்க போன் பண்ணா சொல்லிடு.”

“சரி. என்ஜின மட்டும் அணைச்சிடாத. விறைச்சுப் போயிடுவ.”

“சரிங்க அம்மா,” என்று சொல்லி மினேதா போனை வைத்தான்.

குவாஹராவும் அகினோவும் தெற்கே ஷிகோகுவில் பிறந்தவர்கள். பனி தெரியாத ஊர். நமக்கெல்லாம் மூன்று வயதிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்... பனிக்குள் மாட்டிக்கொண்டால் முதலில் என்ஜினை அணை. புகைக்குழாயைப் பனி மூடிவிட்டால் புகை வண்டிக்குள்ளேதான் வரும். வாசனைகூடத் தெரியாது. தூக்கம்தான் வரும். மினேதா இங்கேயே பிறந்து வளர்ந்தவன், அவனுக்குத் தெரியாதா? இரண்டு முறை இறங்கிக் குழாயைத் தோண்டிவிட்டிருக்கிறான். போலீஸ் கதவைத் திறந்தபோது மண்வாரி அவன் மடியில் இருந்தது. மூன்றாவது முறை இறங்கவில்லை.

“அண்ணன் சொன்னதாலதானா...?” என்றாள் பக்கத்தில் இருந்த ரிட்சு மெதுவாக.

அதை யார் சொல்ல முடியும்? குவாஹரா யாரிடமும் அந்த போனைப் பற்றி வாய் திறக்கவில்லை. சாவு வீட்டில் வரிசையில் நின்றார், ஊதுபத்தி வைத்தார், வெளியே வந்து காலணியைப் போட்டுக்கொண்டார். கை கால் எல்லாம் வேறு யாருடையதோ போல இருந்ததாம். ஊசியால் குத்தினாலும் தெரிந்திருக்காது என்று அகினோவிடம் சொல்லியிருக்கிறார்.

அப்போது இக்குயோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அந்த விளையாட்டுல அவரோட கை இருக்குன்னு சொல்வாரு. நெசமாவா?”

“நெசந்தான். டெமோ அவன் ஆடினது.”

“அதை எடுத்துடாதீங்க. புள்ள பொறந்ததும் காட்டணும்.”

“எடுக்க மாட்டேன்.”

“யார் சொன்னாலும்?”

“யார் சொன்னாலும் எடுக்க மாட்டேங்க.”

அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் குவாஹரா காலையில் எழுந்ததும் பல் தேய்த்ததும் ஆபீஸுக்குப் போனதும் அந்த ஒரு வாக்குக்காகத்தான்.

டெமோ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கடையில் யாரும் ஆடாதபோது விளையாட்டு தானாக ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா, அது. தொண்ணூறு வினாடி. அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். விளையாட்டைப் போட்டு விற்கிற அந்தச் சின்ன ஃப்ளாப்பித் தட்டில் படத்துக்கெல்லாம் இடம் ஏது? ஒருவர் ஆடும்போது எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினார் என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு அதே வரிசையில் கம்ப்யூட்டர் தானே அழுத்திக்கொள்ளும். கண்ணைக் கட்டிவிட்டு, இருபது அடி நேரே போ, இடது பக்கம் திரும்பு, பத்து அடி போ என்று ஒருவனை விடுவது போல. நடுவில் நீங்கள் பீரோவை நகர்த்தி வைத்துவிட்டால் அவன் நெற்றி பீரோவில்தான்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பை குவாஹரா செய்தார். பீரோவை நகர்த்திவிட்டார்.

விளையாட்டில் ஒரு பாலம் இருந்தது. ரோபோ அதில் ஏறும்போது சில சமயம் கம்ப்யூட்டரே உறைந்து நின்றுவிடும். சரி செய்ய நேரமில்லை. குவாஹரா பாலத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு மண்மேட்டை வைத்தார். ஆட்டக்காரர் சுற்றிக்கொண்டு போகட்டும். இருபது நாளாக மூன்று மணி நேரத் தூக்கம், மரத்துப்போன தலை... டெமோவில் மினேதா அந்தப் பாலத்தின் மேல்தான் போகிறான் என்பது அவருக்கு ஞாபகமே வரவில்லை.

மறுநாள் காலை தட்டு நகலெடுக்கப் போக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். தலைப்பு வந்தது. டெமோ ஆரம்பித்தது. டுக்... டுக்... டுக்... ரோபோ மேட்டை நோக்கி நடந்தது. அப்போதுதான் உறைத்தது. இப்போது முட்டப் போகிறது. முட்டி, நின்ற இடத்திலேயே காலை உதைத்து உதைத்து, கடைசியில் எதிரியிடம் அடி வாங்கிச் சாகப் போகிறது. வேறு யாராவது ஆடிப் புதிதாகப் பதிவு செய்தால்தான் தீரும். மினேதாவின் கையை அழித்துவிட்டு.

ரோபோ மேட்டுக்கு முன்னால் வந்தது.

நின்றது.

ஒன்று... இரண்டு... மூன்று எண்ணுகிற நேரம். பிறகு வலது பக்கம் திரும்பியது. டுக்... டுக்... மேட்டைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் இருந்த எதிரியை அடித்துவிட்டு, தொண்ணூறாவது வினாடியில் தலைப்புக்குத் திரும்பியது.

குவாஹரா பதிவை அச்சடித்துப் பார்த்தார். மினேதா உயிரோடு இருந்தபோது எடுத்த அச்சுத்தாளை அதன் பக்கத்தில் வைத்து, எண் எண்ணாக ஒப்பிட்டார். ஒன்றுகூட மாறவில்லை. திரும்பு என்று அந்த இடத்தில் எங்கேயும் இல்லை. நேரே போ என்றுதான் இருந்தது.

காலையில் முதலாளி ஓனொதெரா வந்தார். நல்ல மனுஷன், ஆனால் எதையும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் கேட்கமாட்டார்.

“முதலாளி, மேடு வச்சதால டெமோ இடிக்கணும்.”

“இடிக்குதா? அப்ப நானே ஒண்ணு ஆடித் தரேன். அஞ்சு நிமிஷ வேலை.”

“இடிக்கல.”

“இடிக்கலையா? அப்புறம் என்னய்யா பிரச்சினை? அனுப்பு, அனுப்பு.”

தட்டு போய்விட்டது.

“நானா இருந்தா ரெண்டாவது நாளே வேலைய விட்டிருப்பேன்,” என்றான் தோகாஷி. குரலில் பழைய துள்ளல் இல்லை.

குவாஹரா விடவில்லை. தினமும் ராத்திரி எல்லோரும் போனபிறகு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார ஆரம்பித்தார். மேட்டை இடது பக்கம் நகர்த்துவார். அது நிற்கும், பார்க்கும், சுற்றிக்கொண்டு போகும். இரண்டு மேடு வைப்பார். நடுவில் புகுந்து போகும். தேநீர் போடும்போது இரண்டு கோப்பை போட்டார். ஒன்றைத் தன் பக்கமும் இன்னொன்றைத் திரைக்குப் பக்கத்திலும் வைப்பார். ‘நான்தாண்டா அணைக்காதன்னு சொன்னேன்’ என்று ஒருநாள் சொல்லியே விட்டார். ரோபோ நின்றது. மூன்று எண்ணுகிற நேரம். பிறகு நடந்தது. மினேதாவின் சாவுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முதன்முறையாகக் கீழே போய் ஒரு முழுக் கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டார்.

ஒரு வாசனை மட்டும் வரும். ஈர மண் வாசனை. மார்ச் மாதம், வெளியே இடுப்பளவு பனி, ஊரில் எங்கேயும் கைப்பிடி மண் கண்ணில் படாது. இந்த அறைக்குள் மட்டும், புதிதாக வெட்டின குழி போல... மினேதா விவசாயக் குடும்பத்துப் பையன், அதனால்தான் என்று குவாஹரா தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். வேண்டும் என்றால் மனிதனுக்கு எந்தச் சமாதானமும் பொருந்திவிடும். எனக்கு அவர் மேல் கோபம் வருகிற இடம் இதுதான்.

ஒருநாள் வேடிக்கைக்காக, ரோபோவைச் சுற்றி நான்கு பக்கமும் மேடு வைத்து அடைத்துவிட்டார். அது ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் பார்த்தது. பிறகு நடுவில் வந்து நின்றுவிட்டது. கால் அசையவில்லை. ஆனால் சத்தம் மட்டும் நிற்கவில்லை. டுக்... டுக்... டுக்... டுக்... ரோபோ நின்றுகொண்டே இருக்கிறது, ஒலிபெருக்கிக்குள் யாரோ நடந்துகொண்டே இருக்கிறார்கள். தொண்ணூறு வினாடி முடிந்தும் தலைப்பு வரவில்லை. குவாஹரா அவசர அவசரமாக மேடுகளை எடுத்தார். “மன்னிச்சுக்கடா மினேதா, தெரியாம பண்ணிட்டேன்,” என்றார். சத்தம் நின்றது.

ஏப்ரல் கடைசியில் விளையாட்டு வெளிவந்தது. சப்போரோவில் ஒரு பெரிய கடையின் ஐந்தாவது மாடி, கம்ப்யூட்டர் பிரிவு. பள்ளிக்கூடப் பையன்கள் கூட்டமாக நின்றார்கள். இக்குயோ வந்தாள். முதுகில் குழந்தை, பிறந்து இரண்டு மாதம். ஆடிக்கொண்டிருந்த பையனைக் குவாஹரா அவளுக்காகக் கெஞ்சி எழுப்பிவிட்டார். யாரும் தொடாமல் விட்டதும் டெமோ ஆரம்பித்தது.

டுக். டுக். டுக். டுக்.

அவள் அழுவாள் என்று குவாஹரா கைக்குட்டையைக்கூடத் தயாராக வைத்திருந்தார். அவள் அழவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்துக் கேட்டாள். பாதியிலேயே சொன்னாள்.

“இது அவர் இல்லீங்க.”

“அவன்தாங்க. நான் ஒரு எழுத்துகூட மாத்தல.”

“அவர் இல்ல. இது ரெண்டு கையால நடக்குது.” அவள் குரல் உயரவே இல்லை. “அதை எங்க வீட்லதான் ஆடினாரு. டிசம்பர்ல. புள்ள அப்பதான் நல்லா உதைக்க ஆரம்பிச்சிருந்தது. ஒரு கையிலதான் ஆடினாரு. இன்னொரு கை என் வயித்து மேல இருந்தது. அதனால நொண்டி நொண்டி நடக்கும். உதைக்கும்போதெல்லாம் கொஞ்சம் நிக்கும். அதத்தான் புள்ளைக்குக் காட்டணும்னு சொன்னேன்.”

திரையில் ரோபோ மேட்டுக்கு முன்னால் நின்றது. பிறகு சுற்றிக்கொண்டு போனது. சீராக, ஒரு அடிகூடப் பிசகாமல்.

“இது எத்தனை வீட்டுக்குப் போயிருக்கு?” என்று கேட்டாள் இக்குயோ.

“மூவாயிரம்.”

ரிட்சு போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டாள். மற்ற இரண்டு பேரும் ஆரஞ்சு உரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள்.

குவாஹரா அவளை அப்போதே ஆபீஸுக்கு அழைத்துப் போனார். மினேதா தன் கையால் கொண்டுவந்து கொடுத்த முதல் தட்டு அங்கே ஒரு உறைக்குள் வைத்து ஒட்டியபடி இருந்தது. மேடு வைப்பதற்கு முந்தையது. பாலம் இருக்கிற தட்டு. கொடுத்த அன்றைக்கே ஒரு நகல் எடுத்துக்கொண்டு ஒட்டியதுதான், அதற்கப்புறம் யாரும் திறக்கவில்லை. “இதுல இருக்கான். இதுல கண்டிப்பா இருக்கான்,” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே உறையைக் கிழித்தார். கை நடுங்கவில்லையாம். நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாராம்.

தட்டைப் போட்டார். தலைப்பு வந்தது.

டுக்-டுக்... டுக்... டுக்-டுக்...

நொண்டி நடை. நடுவில் ஒருமுறை சும்மா நின்றது. இக்குயோ சட்டென்று தன் கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். வயிறு இப்போது காலி, குழந்தை முதுகில் தூங்குகிறது, அது அவளுக்கு ஞாபகமில்லை. “ஆமா,” என்றாள். “ஆமா, இதுதான்.” குவாஹரா மூச்சு விட்டார். டுக்-டுக்... டுக்... ரோபோ அந்த இடத்துக்கு வந்தது. எதிரே பாலம். வழி திறந்துதான் இருந்தது.

நின்றது.

ஒன்று... இரண்டு... மூன்று.

பிறகு வலது பக்கம் திரும்பியது. டுக். டுக். டுக். டுக். அந்தத் தட்டில் மேடே கிடையாது, பாலம்தான். இல்லாத அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு, மேடு இருந்தால் எப்படிப் போகுமோ அப்படியே, இரண்டு கையால் நடந்து போனது. அறையில் ஈர மண் வாசனை.

இக்குயோ மெதுவாகக் கேட்டாள்.

“முதல் பாதி மட்டும் இன்னொரு தடவ போடறீங்களா?”

குவாஹரா போட்டார்.

தலைப்பு வந்தது. டெமோ ஆரம்பித்தது. முதல் அடியிலிருந்தே சீராக இருந்தது.